பக்கத்து இருக்கையின் பிரேக்

முதலில் குதிகால் தரையில் ஊன்றிக்கொள்ளும். பிறகு வலது பாதத்தின் முன்பாதி மட்டும் மெல்ல எழும். ரப்பர் செருப்பின் நுனி காற்றில் நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே இருக்கிற திரையில் மணி ஒலித்ததும் அந்தப் பாதம் இறங்கித் தரையை அழுத்தும். இடித்து மிதிப்பதில்லை. முதலில் மெத்தென்று, அப்புறம் உறுதியாக, வண்டியென்றால் உள்ளே இருப்பவர்களின் கழுத்து ஆடாதபடி. எண் மேலே ஏறி மணி அடங்கும்வரை பாதம் விலகாது. அடங்கியதும் அண்ணி காலைத் தளர்த்தி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதுவும் நடக்காதது போல உட்கார்ந்திருப்பார்.

“என்னம்மா, கொசுவா?” என்று ஒருநாள் தலைமை நர்ஸ் கேட்டார். குரலுக்காகவே வார்டில் அவருக்குக் கேப்டன் என்று பெயர்.

“இல்ல சிஸ்டர், பள்ளம்” என்றார் அண்ணி.

கேப்டன் பெட்டியையும் பார்த்தார், பளபளவென்று துடைத்த தரையையும் பார்த்தார். அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

என் அண்ணனின் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் அண்ணியின் காலடியில். ஸ்டியரிங்கை மட்டும் அவர் தொடவே மாட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். “நான் தொட்டா நீ கத்துக்க மாட்ட” என்பார். வாயும் வலது காலும்தான் அவருடைய பாடப்புத்தகம்.

அந்த வாயைக் கேட்க வேண்டுமே! “கிளச்சை விடச் சொன்னா உயிரை விடுற?” “கண்ணாடி முகம் பாக்கறதுக்கு இல்லம்மா, பின்னாடி வர்றவனைப் பாக்கறதுக்கு.” “ஸ்டியரிங் எங்கயும் ஓடிடாது, கழுத்தை நெரிக்காத.” மாணவர்களுக்கு அவர் வைக்கும் பெயர்களும் அப்படித்தான். திருப்பத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவர் தியானம். குறுக்கே பூனை போனால்கூட அலறும் வங்கிக் காசாளர் ஐயோப்பா. நான் வளைவு. எந்தத் தெருவிலும் நேராகப் போனதில்லை என்பதால். எனக்கு லைசென்ஸ் வந்து பல மாதம் ஆகியும், பக்கத்தில் அண்ணியின் கால் இல்லாமல் வண்டியைக் கிளப்பியதில்லை. நான் படிக்கும் கவிதைப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, “முற்றுப்புள்ளியே காணோமேடா. பிரேக் இல்லாத வண்டியா இது?” என்று திருப்பிக் கொடுத்தார்.

நடக்கும்போதும் அவர் ஓட்டிக்கொண்டுதான் இருப்பார். மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் திரும்புமுன் கையை நீட்டி சிக்னல் காட்டுவார். எதிரே தள்ளுவண்டி வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார். தள்ளிவரும் ஊழியர் தலையாட்டாமல் போனால், “நன்றி சொல்ல ஹாரன்கூட இல்ல பாரு” என்று என்னிடம் முணுமுணுப்பார்.

இவருடைய கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் அண்ணன் அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவர், சைக்கிளோடு சரி. அண்ணியை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். “டீச்சர் வீட்ல பாடம் எடுக்கறதில்ல. ஃபீஸ் கட்டுறவங்களுக்கு மட்டுந்தான்” என்பார்.

குழந்தை ஏழாம் மாதத்திலேயே வந்து, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துவிட்டாள். என் உள்ளங்கையையும் மணிக்கட்டையும் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவுதான். மூக்கில், வாயில், தொப்புளில், காலில் என்று எங்கும் குழாய். தோல் அவ்வளவு மெல்லிசு. உள்ளே ஓடுவதெல்லாம் வெளியே தெரிந்தது. மூச்சு விடுவதை அடிக்கடி மறந்துபோவாள். மறக்கும்போதெல்லாம் திரையில் ஆக்சிஜன் எண் இறங்கும், மணி அடிக்கும். அண்ணி அவளுக்கு எல் போர்டு என்று பெயர் வைத்தார். “புதுசா கத்துக்கறா இல்ல, மூச்சு விட. நடுநடுவுல வண்டி ஆஃப் ஆகத்தான் செய்யும்.” பெயர் ஒட்டிக்கொண்டது. நர்ஸுகள்கூட, “எல் போர்டு இன்னைக்கு எப்படி?” என்று கேட்டுக்கொண்டு பணிக்கு வந்தார்கள்.

வார்டில் அண்ணிதான் ராணி. புதிதாக வந்து சுவரைப் பார்த்து அழும் பெண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். தாய்ப்பால் எடுக்கும் பம்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவார். “கியர் போடுற மாதிரி போடாதீங்க, அது உங்க உடம்பு.” அழுதுகொண்டிருந்த பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிடுவாள். எல்லோரும் அண்ணியைத் தைரியசாலி என்றார்கள். அவர் சிரிக்கச் சிரிக்க, நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

ஆனால் வார்டின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்பவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நான் கொண்டுபோன சாப்பாடு தொட்ட அடையாளமே இல்லாமல் திரும்பி வந்தது. தாய்மார்கள் ஓய்வெடுக்கும் அறையில் அவருடைய படுக்கையின் விரிப்பு கசங்கவே இல்லை. பேச்சு நாளுக்கு நாள் வேகமெடுத்தது; ஒரு வாக்கியம் முடியுமுன் அடுத்தது முந்திக்கொண்டு வந்தது. இன்னொன்றும் உண்டு. அந்தப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் கை நுழைக்க வட்டக் கதவுகள் இருக்கின்றன. மற்றத் தாய்மார்கள் கை கழுவிக்கொண்டு வந்து, உள்ளே விரலை விட்டு, குழந்தை அதைப் பற்றிக்கொள்ளும்வரை காத்திருப்பார்கள். அண்ணி ஒருநாளும் கதவைத் திறக்கவில்லை. எப்போதும் பெட்டிக்கு இடது பக்கம், இரண்டு கையும் மடியில், வலது பாதம் தயாராக.

ஒரு மதியம் கேண்டீனில் யாரோ தட்டுகளைக் கீழே போட்டுவிட்டார்கள். சத்தம் கேட்ட மாத்திரத்தில் மேஜைக்கு அடியில் அண்ணியின் கால் அழுந்தியது. மேஜையே நகர்ந்து டீ முழுக்க என் மடியில்.

“சாரிடா வளைவு” என்று துடைக்க வந்தவர் பாதியில் நின்றார். “ஒண்ணு சொல்றேன், கவிதை கிவிதை எழுதிடாத.”

தலையாட்டினேன்.

“அன்னைக்கு லேட்டா மிதிச்சேன்டா.”

“என்னைக்கு அண்ணி?”

“ஐயோப்பா ஓட்டினான்ல, அந்தக் கடைசி கிளாஸ். ஸ்பீடு பிரேக்கரைப் பாக்காம அப்படியே தூக்கிப் போட்டான். நான் பாத்துட்டேன். பாத்தும் ஒரு நொடி லேட்டு. வயித்துல ‘ணங்’குனு ஒரு குலுக்கு. அதுக்கப்புறந்தான் வலி வந்துச்சு. பனிக்குடத்துல கிருமி, வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டர் சொல்றாங்க. அவங்க படிச்சவங்க, சரிதான். ஆனா வண்டியில இருந்தது நானு.”

கவிழ்ந்த தம்ளரை நிமிர்த்தி வைத்தேன். அண்ணி நிறுத்தவில்லை.

“கண்ணை மூடினா அந்த ஸ்பீடு பிரேக்கர் வந்துடுது. ஒவ்வொரு தடவையும் லேட்டாவே மிதிக்கிறேன். அதான் கண்ணை மூடறதே இல்ல. இங்க நான் மிதிக்கலைன்னா அவ நின்னுடுவாடா. சில நேரம் எனக்கு என்ன தோணுது தெரியுமா? ஏதாவது ஒரு பஸ்ல ஏறி, அது போற கடைசி ஸ்டாப்புக்குப் போய் இறங்கி, அப்படியே காணாமப் போயிடலாம்னு. அவளுக்கு நேரத்துக்கு மிதிக்கிற அம்மாவா ஒருத்தி கெடைக்கட்டும்.”

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மருத்துவமனையில் அதுவரை கேட்ட எந்த மணியும் என்னை அப்படிப் பயமுறுத்தியதில்லை.

யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத நான் அன்று நேரே கேப்டனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பஸ்ஸையும் சேர்த்து. அவர் அதிர்ச்சியடையவில்லை. “இங்க வர்ற அம்மாங்களும் பேஷண்ட்தான் தம்பி. அவங்களுக்கு மானிட்டர் மாட்டல, அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார்.

“போட்டுக் குடுத்துட்டியா கொழுந்தனாரே!” என்று அண்ணி என் தலையில் குட்டினார். வலிக்கிற மாதிரியேதான் குட்டினார்.

அன்று மாலையே மனநல மருத்துவர் வந்தார். மெல்லப் பேசும் பெண்மணி. ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை அவசரமே இல்லாமல் காத்திருப்பார். “ஃபர்ஸ்ட் கியர்லயே ஊரைச் சுத்திடுவாங்க போல” என்றார் அண்ணி. ஃபர்ஸ்ட் கியர் டாக்டர் என்பதே பெயராகிவிட்டது. ஆனால் அந்த ஃபர்ஸ்ட் கியர் ஏறாத மேடில்லை. குழந்தை உயிருக்குப் போராடும்போது தாய்மார்களுக்கு இப்படி வருவது உண்டு, இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, இது உங்கள் குணத்தின் கோளாறு இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். பஸ்ஸைப் பற்றியும் நேராகவே கேட்டார். முதலில் தூக்கம் என்றார். அதற்குத் தரும் மாத்திரை பழகும்வரை வண்டி ஓட்டக் கூடாது, தினமும் தன்னோடு பேச வேண்டும் என்றார்.

“நான் தூங்கினா பிரேக் யாரு பாக்கறது?”

“அதை அப்புறம் பேசலாம். நீங்க தூங்கும்போது பக்கத்துல யார் இருந்தா உங்களுக்கு நிம்மதி?”

“எங்க வீட்டுக்காரர்” என்றார் அண்ணி.

அப்படித்தான் என் அண்ணனுக்கு முதன்முறையாக டிரைவிங் வகுப்பு நடந்தது. இடம்: கண்ணாடிப் பெட்டியின் இடது பக்கம்.

“குதிகாலை ஊனுங்க. முன்பாதியை மட்டும் தூக்குங்க. மணி அடிச்சா மெதுவா... ஏங்க, இது சைக்கிள் பெடல் இல்ல, காலைச் சுத்தாதீங்க!”

“சரி டீச்சர்.”

“எண் ஏறுற வரைக்கும் எடுக்கக் கூடாது. சத்தியம்?”

“சத்தியம் டீச்சர்.”

கேப்டன் மருந்துத் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

அண்ணன் சொன்ன சொல் தவறாதவர். இரவெல்லாம் அச்சகத்தில் நின்றுவிட்டு, பகலில் வந்து பிரேக் டூட்டி பார்த்தார். மணி அடிக்கும்போதெல்லாம் மிதித்தார். அண்ணி எழுந்து வந்ததும் முதல் கேள்வி, “மிதிச்சீங்களா?” “மிதிச்சேன்மா, கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு.” அண்ணி அதை நம்பிப் போய், மறுபடியும் தூங்கினார். படுக்கை விரிப்பு கசங்கியதை ஓய்வறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

குழந்தையும் தேறினாள். வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள். சன்னமாக, பூனைக்குட்டி மாதிரி, அவள் அழுத முதல் அழுகையைக் கேட்டு அண்ணி, “ஹாரன்! ஹாரன் வேலை செய்யுது!” என்று கத்த, வார்டே திரும்பிப் பார்த்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு முற்பகல். அண்ணி சீக்கிரமே எழுந்துவிட்டார். ஓய்வறையிலிருந்து வந்தவர் வார்டின் கதவைத் திறந்தார். நான் வழக்கம்போலக் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே என் அண்ணன் நாற்காலியில் தலை சாய்த்து, வாய் திறந்து, அச்சு மை ஒட்டிய விரல்களை வயிற்றின்மேல் கோத்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு காலும் நேரே நீண்டு கிடந்தன. பிரேக்குக்கு ஆளில்லை.

அதே நேரம் மணி அடித்தது.

அண்ணி வாசலிலேயே உறைந்துபோனார். அங்கிருந்து பெட்டிவரை ஓட வேண்டும், ஓடி உட்கார வேண்டும், உட்கார்ந்து மிதிக்க வேண்டும். திரையில் எண் இறங்கியது. இன்னும் இறங்கியது. கேப்டன் எழுந்து பெட்டியை நோக்கி நடந்தார், கையை நீட்டினார். அந்தக் கை வட்டக் கதவைத் தொடுமுன், எல் போர்டு ஒரு தடவை விலா விரிய மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை. எண் தானாக ஏறியது. மணி நின்றது. கேப்டன் நீட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு இடுப்பில் வைத்தார். அண்ணன் குறட்டை விட்டார்.

அண்ணி ஓடிப்போய் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். “மிதிக்கச் சொன்னா தூங்குறீங்களா!”

அண்ணன் பதறி எழுந்து, அர்த்தமில்லாமல் தரையை மிதிமிதியென்று மிதித்தார். “ஐயோ டீச்சர்... குழந்தை? குழந்தைக்கு என்ன?”

“அவளே ஓட்டிக்கிட்டா” என்றார் அண்ணி. நம்ப முடியாத செய்தி ஒன்றைத் தெருவெல்லாம் சொல்ல வந்தவர் போல இன்னும் உரக்க, “ஏங்க, யாரும் மிதிக்கல. அவளே ஓட்டிக்கிட்டா!” என்றார். கண்ணாடிக்கு இப்பாலிருந்த எனக்கே கேட்டது. பிறகு அண்ணனின் அழுக்குச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குழந்தை பிறந்ததிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அழுதார்.

இதற்குமேல் எல்லாம் சுகம் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் மறுநாளும் மணி அடித்தபோதெல்லாம் அந்தக் கால் மிதித்தது. மிதித்துவிட்டு, “மிதிச்சேன் டாக்டர்” என்று அண்ணியே ஃபர்ஸ்ட் கியர் டாக்டரிடம் போய்ச் சொன்னார். “மிதிக்காமலும் ஏறிச்சு இல்ல?” என்றார் அவர். “ஏறிச்சு டாக்டர். அது தெரியுது. காலுக்குத்தான் தெரியல.”

இடம் மாறியது ஒரு எக்ஸ்ரே இயந்திரத்தால். பக்கத்துக் குழந்தைக்குப் படமெடுக்க அதைத் தள்ளிவந்தார்கள். அண்ணி உட்காரும் இடத்தைத் தவிர அதை நிறுத்த வழியில்லை.

“எந்திரிம்மா, இந்தப் பக்கம் வா” என்றார் பெட்டிக்கு வலது பக்கம் நின்ற கேப்டன்.

“நான் எப்பவும் அந்தப் பக்கந்தான் சிஸ்டர். இது ஓட்டுறவங்க சீட்டு.”

“இன்னைக்கு இதான் சீட்டு. வந்தது வந்த, சட்டையில முன்னாடி பட்டன் இருக்கில்ல? குழந்தையை நெஞ்சோட போட்டுக்கலாம்னு குழந்தை டாக்டர் காலையிலயே சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

“எனக்கு லைசென்ஸ் இல்ல சிஸ்டர்” என்றார் அண்ணி.

“நான் குடுக்கறேன். உக்காரு.”

நாற்காலியைச் சுற்றித் துணித்திரையை இழுத்துவிட்டார்கள். இயந்திரத்துக்காகத் திறந்த கதவருகே நின்றிருந்த நான் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் திரைக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி. அதில் தெரிந்த அண்ணியின் பாதங்கள் என் கண்ணை விடவில்லை. நாற்காலி கிரீச்சிட்டது. கேப்டனின் குரல், “கழுத்துக்கு ஒரு கை, அடியில ஒரு கை. அப்படித்தான்.” அண்ணியின் குரலைக் காணோம். வாயாடிக்கு வார்த்தை நின்றுபோன முதல் தருணம்.

மணி அடித்தது. வலது பாதத்தின் முன்பாதி எழுந்தது. செருப்பு நுனி காற்றில் நின்றது. அது கீழே வரவில்லை. மணி தானாக நின்றது. பாதம் செருப்பிலிருந்து வெளியே வந்து, மெல்ல நகர்ந்து, இடது பாதத்தின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

“ஸ்டியரிங் சுடுது சிஸ்டர்” என்று திரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாளும் வந்தது. அண்ணி இன்னும் மாத்திரையில் இருந்ததால் ஓட்டக் கூடாது. அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நானா?”

“பின்ன, உன் கவிதையா ஓட்டும்? ஏறுடா வளைவு. என் கால்தான் இருக்கில்ல” என்றார் அண்ணி. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் தன் பழைய இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். பின்னால், குழந்தையைப் பட்டை போட்டுக் கட்டிய சின்ன இருக்கை. அதற்குப் பக்கத்தில் என் அண்ணன், குண்டு வைத்த பெட்டிக்குக் காவல் இருப்பவர் போல.

அந்தப் பயணத்தில் நான் கண்ணாடிகளைப் பார்த்த அளவு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் வண்டி தூங்குகிற குழந்தையின் நெஞ்சு மாதிரி ஏறி இறங்கியது. கடைத்தெரு முனையில், சந்துக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் லாரி ஹாரன் இல்லாமல் பின்னுக்கு வந்துவிட்டது. என் கால் போனது. வண்டி நின்றது. மெத்தென்று, உறுதியாக, யார் கழுத்தும் ஆடாமல். அண்ணியின் காலைப் பார்க்க எனக்கு நேரமில்லை. இரண்டு கையாலும் கைப்பையை இறுக்கிக்கொண்டிருந்தது மட்டும் ஓரக்கண்ணில் பட்டது.

“தாங்க்ஸ் அண்ணி” என்றேன்.

“எதுக்கு?”

“மிதிச்சதுக்கு.”

“ரோட்டைப் பாரு” என்றார். பிறகு பின்னால் திரும்பி, “ஏங்க, எல் போர்டு முழிச்சாளா?”

“அசையல டீச்சர்.”

அடுத்த மாதம் அந்த வண்டியை சர்வீஸுக்கு விடப் போனேன். டிரைவிங் ஸ்கூல் வண்டிகளை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் குனிந்து கார்பெட்டை உருவினார். பக்கத்து இருக்கையின் காலடியில் பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் வைத்து அடைத்த ஓட்டைதான் இருந்தது.

“பிரேக் எங்கண்ணே?”

“கழட்டி எவ்வளவு நாளாச்சு! குழந்தை வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின நாளே உங்க அண்ணி ஸ்கூல்ல ஒருத்தரை ஓட்டச் சொல்லி இங்க வந்து, நின்னு கழட்டச் சொன்னாங்களே. கிளாஸ் ஆரம்பிக்கறப்ப மாட்டிக்கலாம்னாங்க. பழைய பேப்பர்ல சுத்திக் குடுத்தேன். கைப்பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. கனமா இருக்குமேம்மான்னேன். ‘இருக்கட்டும், நாளைக்கு ஒரு நாளைக்குத்தானே’ன்னாங்க.”